பீங்கானில் வைத்த சோதனை

விளைமீன் பொரிகிற மணம் குசினியைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, முற்றத்துப் பூவரசு வரைக்கும் போய்விட்டது. அந்த மணத்துக்கு முதலில் வந்தது நாய். செவலை நிறம், ஒரு காது கிழிந்தது, யாருடைய நாயும் இல்லை. பின்னேரமானால் எமிலியானுஸ் வீட்டு வாசலில் வந்து குந்திக்கொள்ளப் பழகியிருந்தது.

ஜெனிற்றா தாச்சியில் கிடந்த துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று வந்திருந்தது. கருக விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். நேற்று அப்படித்தான் செய்தாள். அவளுடைய புருஷன் எமிலியானுஸ் ஒரு துண்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கருகின மீனுக்கு ஆர் ஆசைப்படுவினம்? இது சோதனையே இல்லை. வேற பொரி" என்று திருப்பி அனுப்பிவிட்டான். பிள்ளை அவ்வளவு நேரமும் கதிரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"கொண்டா" என்றான் உள்ளேயிருந்து.

பீங்கானில் மீனை அடுக்கிக் கொண்டுபோனாள். மேசையின் ஒரு பக்கம் எமிலியானுஸ், கையில் செபமாலை. மறுபக்கம் மகள் மதுஷிகா. பதினைந்து வயது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இன்னும் மாற்றவில்லை. காலையில் ஒரு பணிஸ் தின்று ஒரு பிளேன்ரீ குடித்தவள். அவ்வளவுதான், இனி நாளைக் காலைதான்.

"கிட்ட வை. மூக்குக்குக் கிட்ட."

"இஞ்சருங்கோ, பிள்ளை வந்து முகம்கூடக் கழுவேல்ல..."

"ஆண்டவர் வனாந்தரத்தில முகம் கழுவிக்கொண்டே இருந்தவர்?"

அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குடிக்கிற காலத்தில் அவன் போடுகிற சத்தம் கடற்கரை மீன்வாடிவரைக்கும் கேட்கும். இப்போதோ குரல் பூசைக்கு நிற்கிற குருவானவரின் குரல் மாதிரிப் பதமாகிவிட்டது.

"மது, என்ன தெரியுது?"

"மீன், அப்பா."

"வடிவாப் பார்."

"சோதனை, அப்பா."

"ஆர் அனுப்பினது?"

பிள்ளை, மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்த தாயை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பசாசு" என்றாள்.

செபமாலை தொடங்கியது. துக்க தேவ இரகசியங்கள் ஐந்தும். ஒவ்வொரு அருள்நிறை மந்திரத்துக்கும் நடுவில் பிள்ளை எச்சிலை விழுங்குகிற சத்தம் ஜெனிற்றாவுக்குக் கேட்டது. எமிலியானுஸும் ஒருசந்திதான், நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், தாடி நீண்டு கிடந்தான். பிள்ளைக்குச் சொன்னதில் பாதியைத் தான் செய்யாமல் விட்டிருந்தால் ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கும் அவன் இடம் வைக்கவில்லை.

செபம் முடிந்ததும் பீங்கானை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கவிழ்த்தான். நாய் இரண்டு விழுங்கலில் முடித்தது.

"வெண்டிட்டாய், பிள்ளை" என்று திரும்பி வந்து மகளின் தலையைத் தடவினான். பிறகு, எண்ணெய் பட்ட விரல்களை மூக்கருகே கொண்டுபோய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மோந்தான். ஜெனிற்றா பார்த்தாள்.

இந்த மனிதன் குடியை விட வேண்டும் என்று மடு மாதா கோயிலுக்கு நடந்தே போய் நேர்த்தி வைத்தவள் அவள்தான். கால் கொப்பளிக்க மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று, "வேற ஒண்டும் கேக்கேல்ல தாயே, அந்தப் போத்தலை மட்டும் அவற்ர கையால பறிச்சுப்போடு" என்று அழுதாள். அப்போதெல்லாம் அவன் கடலால் வந்து மீனை வாடியில் போட்டுவிட்டு, பொழுது படத் தள்ளாடிக்கொண்டு வருவான். கத்துவான். சில நாள் அடிப்பான், அவளைத்தான். பிள்ளைமேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. எவ்வளவு வெறியிலும் ஒரு கொத்துரொட்டிப் பார்சல் கையில் இருக்கும். "என்ர பெட்டைக்கு" என்று நீட்டிவிட்டு அப்படியே விழுந்து படுப்பான். விடிய எழும்பி, மனைவியின் காலைப் பிடித்து அழுவான். அந்த அடிக்கு ஒரு முடிவு இருந்தது.

மாதா கேட்டாள். போத்தலைப் பறித்தாள். அந்தக் கையில் செபமாலையைக் கொடுத்தாள்.

அந்த ஊரில் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா என்று யேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதில் யேசுவாக நிற்கிறவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தவக்காலம் பிறக்கிற விபூதிப் புதன் தொடக்கம் ஒருசந்தி. ஒரு சொட்டுச் சாராயம் தொடக்கூடாது. சும்மா சொல்லி விடுகிற கட்டுப்பாடு இல்லை. பின்னேர ஒத்திகைக்கு வந்ததும், நாடகம் பழக்குகிற அன்ரனி அண்ணாவியாரின் முகத்துக்கு முகம் நின்று பரலோக மந்திரத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். கிழவனின் மூக்கு, மத்தியானம் என்ன கறி என்றுகூடச் சொல்லிவிடும். அந்த மந்திரம் முடிந்தபிறகுதான் முள்முடி தலையில் ஏறும்.

மற்ற வேஷக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. "யூதாசுக்கு நோன்பில்லை. காட்டிக் குடுக்கிறவனுக்குக் கொஞ்சம் உசார் வேணும்" என்று சொல்லிக்கொண்டு, யூதாஸ் வேஷம் கட்டுகிற கிறிஸ்ரி பனங்கள் மணக்க மணக்க வருவான்.

எமிலியானுஸ் உயரம். தாடி வளரும். தோதான பொடியள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். அதனால் இந்த முறை அவனைப் பிடித்தார்கள். ஒரு கிழமை தாக்குப் பிடிக்கமாட்டான் என்றுதான் ஊர் நினைத்தது. அவன் பிடித்தான். கள்ளுச் சீசன் உச்சத்தில் நிற்க, பனங்காட்டுப் பாதையால் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தான். கோயிலடியில் பெண்கள், "உன்ர மனிசன் யேசுவாவே மாறிட்டான், பிள்ளை" என்று ஜெனிற்றாவின் கையைப் பிடித்தார்கள். அவளுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

அந்தக் கஞ்சி வரைக்கும்.

இந்த வருஷம் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்துவிட்டன. மதுஷிகா தன் வகுப்புக்காரி ஹுஸ்னியா வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். பாங்கு சொன்னதும் ஹுஸ்னியாவின் தாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் கஞ்சி வார்த்தாள். இவளுக்கும் ஒரு கோப்பை. அவர்கள் நோன்பு துறந்த கஞ்சியில் இவளுடைய நோன்பு முறிந்தது, ஏனென்றால் கஞ்சியில் ஆட்டிறைச்சி, அன்றைக்கு இறைச்சி ஆகாத தவக்கால வெள்ளிக்கிழமை. பிள்ளைக்கு அது நினைவிலேயே இல்லை. வீட்டுக்கு வந்து, "அவையின்ர கஞ்சி என்ன ருசி அம்மா!" என்று தானே சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

எமிலியானுஸ் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கதை எப்படியோ ஒத்திகைக்குப் போய்விட்டது. "யேசு ஒருசந்தி, யேசுவின்ர மகள் ஆட்டிறைச்சிக் கஞ்சி!" என்று கிறிஸ்ரி மேடையில் நின்று கூவ, மற்றச் சீடர்களும் உரோமைச் சேவகர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எமிலியானுஸ் முள்முடியோடு சிலைபோல நின்றான். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வசனம் சொன்னான்.

"ஏவாளும் வாயாலதான் விழுந்தவள்."

அடுத்த நாள் தொடங்கியதுதான் இந்தப் பீங்கான்.

ஜெனிற்றா சும்மா இருக்கவில்லை. ஒரு விடியற்காலை, அவன் கடலில் நிற்கும்போது, முட்டை அவித்து மகளின் வாயில் திணித்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அன்று பின்னேரம் எமிலியானுஸ் மீனுக்கு முன்னால் சிலுவையை நீட்டினான்.

"தொட்டுச் சொல்லு. இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ?"

சிலுவையைத் தொட்டுக்கொண்டு பொய் சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. "பணிஸ்... முட்டை."

"ஆர் தந்தது?"

பிள்ளை சிலுவையிலிருந்து கையை எடுத்தாள். அவனுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. "சரி. இவ்வளவு நாள் பிடிச்சதும் வீண். திரும்ப முதல்லயிருந்து. இனிப் பணிஸும் வேண்டாம், பாண் துண்டு போதும்." பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "ஏவாளும் நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சிருப்பாள், பாவம்."

மறுநாள் விடிய ஜெனிற்றா சோற்றுக் கவளத்தோடு போனபோது மதுஷிகா அவளின் கையைத் தள்ளினாள்.

"வேண்டாம் அம்மா. நீங்கள் தருவியள், பிறகு நான்தான் முதல்லயிருந்து துவங்கோணும்."

பள்ளிக்கூடத்துக் காலைச் செபத்தில் பிள்ளை மயங்கி விழுந்தாள். சிஸ்டர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து விசாரித்தார். "தவக்கால ஒறுத்தல், சிஸ்டர்" என்றாளாம். சிஸ்டர் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தி, இப்படியான பிள்ளைகள் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மதுஷிகாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஜெனிற்றா அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அவள் பங்குச் சுவாமியிடம் ஓடினாள். அவர் அடுத்த கோயில் பூசைக்குப் போவதற்காக மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"நோன்பை இப்பிடிப் பிடிக்கக்கூடாதுதான். நான் பிரசங்கத்தில சொல்லுறன். ஆனா ஜெனிற்றா, இவ்வளவு காலமும் குடிச்ச மனிசன். இப்ப நான் போய் ஒண்டைச் சொல்ல, கோவத்தில திரும்பக் குடிக்கத் துவங்கினால்? பெரிய வெள்ளி முடியட்டும், பாப்பம்."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. ஜெனிற்றா தெருவில் நின்றாள். தூரத்தில் கடலோரக் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கழுதை அவளை உரசிக்கொண்டு போனது. திரும்பக் குடிக்கத் துவங்கினால்? சுவாமி பயந்து கேட்ட கேள்வி. அவளுக்கு அதில் பயமே வரவில்லை.

நேரே கடற்கரைக்குப் போனாள். கிறிஸ்ரி வள்ளத்து நிழலில் நண்டுவலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"கிறிஸ்ரி, எனக்கொரு அரைப்போத்தல் சாராயம் வாங்கித் தா."

"ஐயோ அக்கா! தவக்காலத்தில துவங்கிறியள்? ஆருக்கு?"

"யேசுவுக்கு."

அவன் சிரிப்பு நின்றது. "அக்கா, நான் மேடையிலதான் யூதாஸ்."

"கஞ்சிக் கதையைப் பகிடியாக்கினது நீதானே? நீ சிரிச்ச சிரிப்புக்கு என்ர பிள்ளை பட்டினி கிடக்குது. பாண் துண்டு, கிறிஸ்ரி. ஒரு நாளைக்கு ஒரு பாண் துண்டு."

கிறிஸ்ரி வலையைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் எழும்பிச் சாராயக்கடைப் பக்கம் போனான்.

குருத்து ஞாயிறு கழிந்த திங்கள் பின்னேரம், மகளுக்கு முன்னால் மீன் பீங்கானை வைத்த கையோடு, எமிலியானுஸுக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைத்தாள். தண்ணீர் கலக்காத சாராயம். அந்த நெடி மீன் மணத்தை ஒரு தள்ளுத் தள்ளியது.

"உதென்ன?"

"சோதனை."

"ஆர் அனுப்பினது?"

"நான்தான். பிள்ளை மீனை வெல்லுது. தகப்பன் இதை வெல்லுறதைப் பாத்தால் பிள்ளைக்கும் பலமா இருக்கும். உங்களுக்குப் பயமெண்டால் சொல்லுங்கோ, எடுத்துக்கொண்டு போறன். ஆனா மீனையும் சேத்துத்தான் எடுப்பன்."

அவன் கை மேசை விளிம்பைப் பிடித்தது. மதுஷிகா தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் 'எடு' என்று சொல்ல அவனால் முடியவில்லை.

"இருக்கட்டும்."

செபமாலை தொடங்கியது. மூன்றாம் இரகசியத்தில் அவனுக்கு மணிகள் பிழைத்தன. பத்து முடிந்ததும் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனான். நெற்றி வியர்த்தது. ஆனாலும் முடித்தான். எழும்பிப் போய்க் கிளாஸை வாசல் மணலில் கவிழ்த்தான். நாய் வந்து முகர்ந்து தும்மிவிட்டு ஒதுங்கியது. எமிலியானுஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் வழியச் சிரித்தான்.

அன்று ஒத்திகையில் அண்ணாவியாரிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னானாம். கிழவன் கேட்டுவிட்டு, "எமிலி, பசாசைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தாதை" என்று மட்டும் சொன்னாராம்.

ஜெனிற்றா தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள். செவ்வாய் பின்னேரம் கிளாஸ் வைக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. ஆனால் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவன் குரல் கொடுத்தான்.

"ஜெனிற்றா, இண்டைக்கும் வை."

அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றும் கிளாஸை மணலில்தான் கவிழ்த்தான். புதன்கிழமை அவன் கடலால் நேரத்தோடு வந்தான். மேசையில் தானே போய் உட்கார்ந்தான். "கொஞ்சம் கூட ஊத்து. அப்பதான் சோதனை." அவள் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். முதலாம் இரகசியம் முடிந்தது. இரண்டாம் இரகசியத்தில், ஆண்டவரைக் கற்றூணில் கட்டி அடிக்கிற இடத்தில், அவன் கை கிளாஸைத் தொட்டது. "மணத்தை மட்டும்..." என்று யாருக்கோ சொன்னான். தூக்கினான். வைத்தான். திரும்பத் தூக்கினான். வெயிலில் ஓடிவந்த குழந்தை தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

செபமாலை நிலத்தில் விழுந்தது.

"அப்பா..." என்றாள் மதுஷிகா.

அவன் அவளைப் பார்க்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்ப் போத்தலைத் தேடினான். ஜெனிற்றா அதைத் தேடவே தேவையில்லாத இடத்தில் வைத்திருந்தாள்.

அவன் ஒத்திகைக்குப் போனபோது அவளும் பின்னால் போனாள். போகவேண்டிய தேவை இல்லை. பார்க்க விரும்பினாள். கோயில் பக்கக் கதவடியில் நின்றாள். எமிலியானுஸ் அண்ணாவியாருக்கு முன்னால் நின்று, வாயைக் குறுக்கிக்கொண்டு மந்திரம் சொன்னான். "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்..."

"காணும், எமிலி" என்றார் அண்ணாவியார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையில் வைத்திருந்த முள்முடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஒருவரும் சிரிக்கவில்லை, கிறிஸ்ரி உட்பட. அந்த அமைதிக்குள் எமிலியானுஸ், "நான் வெண்டனான்... திங்கக்கிழமை வெண்டனான்... கேட்டுப் பாருங்கோ" என்று ஒவ்வொருவரின் கையாகப் பிடித்தான்.

இரண்டு நாளில் வேறு ஆளைப் பழக்க முடியாது. பூசைச் சாமான் வைக்கிற சக்கிறீஸ்துக்குள் கிடந்த யேசுவின் பழைய மரச் சுரூபத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். கை மடங்கும், தலை சாயும். முந்திய காலத்தில் அதை வைத்துத்தான் பாஸ்கா போட்டார்களாம். "மரம் குடிக்காது" என்றார் அண்ணாவியார்.

பெரிய வெள்ளியன்று சேவகர்கள் மரத்தை அடித்தார்கள். சனம் விம்மி விம்மி அழுதது. ஜெனிற்றாவைச் சுற்றிப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து, "கடைசி நேரத்தில பசாசு விழுத்திப்போட்டுதே, பிள்ளை. நீ வச்ச நேர்த்தி எல்லாம் போச்சே" என்று அவள் முதுகைத் தடவினார்கள்.

"ஓம்" என்றாள் ஜெனிற்றா. அடித்த ஒவ்வொரு அடிக்கும் வீட்டு மேசையில் மீன் இல்லை என்ற நினைவுதான் வந்தது. புதன்கிழமைக்குப் பிறகு எமிலியானுஸ் வீட்டுக்கு வரவில்லை, கடற்கரை வாடியில் குடித்துக் கிடந்தான். பிள்ளையோ பாண் துண்டுக்கு மேல் ஒன்றும் தொடவில்லை. "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும் அம்மா" என்றாள். சரி, இன்னும் இரண்டு நாள்தானே என்று தாயும் விட்டுவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து வந்து, ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். வீடு முழுக்க மணந்தது. மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. எமிலியானுஸ், தாடியெல்லாம் மணல், நெடி முன்னுக்கு வர, ஆள் பின்னுக்கு வந்தான். கையில் ஒரு கொத்துரொட்டிப் பார்சல்.

"என்ர பெட்டைக்கு" என்று நீட்டினான். அப்படியே மகளின் காலடியில் இருந்துவிட்டான். "அப்பாவை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. சாப்பிடு. எல்லாம் முடிஞ்சுது. இனி நான் உன்னை ஒண்டும்... சாப்பிடு பிள்ளை."

ஜெனிற்றா குசினிக்குள் போய் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வென்றாயிற்று. மாதாவுக்கு வைத்த நேர்த்தியை மிதித்து வென்றாயிற்று. பீங்கானில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்தாள்.

மதுஷிகா மேசையில் உட்கார்ந்திருந்தாள். முகம் மெலிந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ அம்மா."

தாய்க்கு வயிறு குளிர்ந்தது. அள்ளி அள்ளிப் போட்டாள்.

"அந்தக் கொத்தையும் பிரிச்சு வையுங்கோ. கிட்ட. இன்னும் கிட்ட."

அப்போதுதான் ஜெனிற்றா பார்த்தாள். பிள்ளை உட்கார்ந்திருந்தது தன் கதிரையில் இல்லை, தகப்பனின் கதிரையில். மடியில் செபமாலை.

"சாப்பிடன், மது. உயிர்த்த ஞாயிறு. நோன்பெல்லாம் முடிஞ்சுதுதானே?"

"அப்பாவுக்கு முடிஞ்சுது." குரல் பதமாக இருந்தது. கத்தாத குரல். "அப்பாவால ஏலாமப் போச்சு அம்மா. எனக்கு ஏலும்."

எமிலியானுஸ் நிலத்திலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தான். பார்த்தபடியே விசும்பத் தொடங்கினான். ஜெனிற்றா ஒரு கவளத்தை உருட்டி, அவசரமாகப் பிள்ளையின் உதட்டடியில் கொண்டுபோனாள். மதுஷிகா முகத்தைத் திருப்பவில்லை. கவளத்துக்கு மேலால் தாயின் கண்ணுக்குள் பார்த்தாள்.

"அப்பாவுக்கு வச்ச மாதிரி எனக்கும் வைக்கிறியளோ?"

ஜெனிற்றாவின் கை அந்தரத்தில் நின்றது. விரலிடுக்கால் குழம்பு வழிந்து முழங்கைவரைக்கும் இறங்கியது.

"பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று தொடங்கினாள் பிள்ளை.

வாசலில் அந்தச் செவலை நாய் வந்து குந்தியது.